ப்ளக் வேதா கையில இருக்கு

என் தம்பி உத்தமன் புலியைக் கண்டா பயப்படுவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. எங்க பெங்களூர் ஜோகுபாளையத்துக்குப் புலி வர்றதில்ல. ஆனா கரண்ட் போர்டுல சொருகியிருக்கிற ப்ளக்கைக் கண்டா பயப்படுவான், அது நிச்சயம். மரம் அறுக்குற கரண்ட் மிஷினை வெச்சு சோறு திங்கிற ஆளு ப்ளக்குக்குப் பயப்படறானேன்னு உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிங்க. நாங்கல்லாம் சிரிச்சு முடிச்சாச்சு.

நான் மரகதம், அவனுக்கு அக்கா. ஒரே காம்பவுண்டுல பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு செவுரு. அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் நான் ‘நூறு’ன்னு சொல்லுவேன். அதனால இதுல நான் சொல்றது எதுவும் காத்து வாக்குல வந்த சேதி இல்ல. எல்லாம் என் காதால கேட்டது, கண்ணால பாத்தது.

மழை வந்தா பெங்களூர்ல எந்த ரோட்டுலயாவது ஒரு மரம் படுத்துக்கும். அபார்ட்மென்ட்டுக்குள்ள விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்கித் தர்றதுதான் உத்தமன் வேலை. பெட்ரோல் மிஷின் வெச்சா, வீட்டுலயே உக்காந்து ஆபீஸ் வேலை பாக்குறவங்க பால்கனியில வந்து நின்னு கத்துவாங்க. கரண்ட் மிஷின்ல சத்தம் கம்மி. அதுலயும் ஒயர் வெச்சதுதான் வேணும்னு ஆடுகோடி ஜாய்சன் கடையில நின்னு அடம் பிடிச்சு வாங்கினான். ஜாய்சன் பாவம், பேட்டரி மிஷினைக் காட்டி என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு. “பேட்டரிக்குள்ள கரண்ட் எப்ப தூங்குது எப்ப முழிக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? ஒயர்னா கண்ணுக்குத் தெரியுது”ன்னுட்டான் இவன்.

வாங்கின புதுசுல ஒரு நாள் வாசல்ல உக்காந்து, மரத்தை அறுக்குற பல்லு வெச்ச செயினுக்கு அரம் போட்டுக்கிட்டு இருந்தான். ப்ளக்கைப் பிடுங்கி போர்டுக்குக் கீழ போட்டிருந்தான். எங்க ஹவுஸ் ஓனர் லட்சுமம்மா, அவங்க சமையல்கட்டுல கரண்ட் இல்லன்னு மிக்சியைத் தூக்கிக்கிட்டு அதே போர்டுக்கு வந்தாங்க. ரெண்டும் கறுப்பு ஒயர். எதையோ எடுத்தாங்க, சொருகினாங்க, தட்டினாங்க. இவனோ பிடிமானத்துக்காகக் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருக்கான், விரல் நேரா சுவிச்சு மேல. மிஷின் ஒரு துள்ளு துள்ளி அவன் லுங்கியில பாதியைத் தின்னுட்டுது. கால் தப்பிச்சது எங்க குலதெய்வம் போட்ட பிச்சை. லட்சுமம்மா “அய்யோ தேவரே!”ன்னு கண்ணைப் பொத்திக்கிட்டாங்க, ஆனா விரலுக்கு நடுவுல நல்லா சந்து விட்டுத்தான் பொத்திக்கிட்டாங்க.

அன்னியிலேருந்து அவன் ஒரு சட்டம் போட்டான். செயின்ல கை வைக்கணும்னா, ப்ளக்கைப் பிடுங்கி ஒரு ஆள் கையில கொடுக்கணும். அந்த ஆள் அதைப் பிடிச்சுக்கிட்டு அவன் கண்ணு முன்னாடியே உக்காரணும். “ஏன்டா, உன் பாக்கெட்டுலயே போட்டுக்கயேன்”னு நான் கேட்டேன். “போட்டதே எனக்கு மறந்துடும்க்கா. நடுவுல சந்தேகம் வந்துடும்”னான். அந்த ஆள் வேற யாரு, அவன் பொண்டாட்டி வேதநாயகிதான். பிளாஸ்டிக் சேரைப் போட்டு எதிர்ல உக்காருவா. இவன் மிஷினோட மூக்கை, அதாவது செயின் சுத்துற நீளமான பட்டையோட முனையை, அவ பக்கம் நீட்டி மணைமேல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி தலையைத் தூக்காம கேப்பான்.

“வேதா?”

“இருக்கு.”

க்ரீச், க்ரீச், க்ரீச். அடுத்த பல்லு.

“வேதா?”

“இருக்கு.”

அந்தச் செயின்ல எத்தனை பல்லோ அத்தனை தடவை. புதுசா குடி வந்தவங்க, ஏதோ ஜபம் நடக்குதுன்னு நெனச்சு செருப்பைக் கழட்டிட்டு நடந்து போனதும் உண்டு. வேதாவுக்கு அடுப்புல குழம்பு கருகியிருக்கு, ஜுரத்துல உடம்பு கொதிச்சிருக்கு, ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவங்க வந்து நின்னு கத்தியிருக்காங்க. ஒரு நாளும் ப்ளக்கைக் கீழ வெச்சதில்ல.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜைன்னா வேதாவுக்குக் கை நிக்காது. குத்துவிளக்கு, சொம்பு, மணி எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ச்சா. அவ தையல் மிஷினைத் துடைச்சா. அப்புறம் கண்ணு இந்த மிஷின் மேல விழுந்தது. உத்தமன் பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டு போயிருந்தான். வந்ததும் அசத்திடலாம்னு, மூடியைத் திருகிக் கழட்டி செயினை உருவி எடுத்து, அதையும் புளி போட்டுத் தேய்ச்சா பாருங்க! பளபளன்னு ஆயிட்டுது. தொடச்சுக் காய வெச்சு, திருப்பி மாட்டி, ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் வெச்சு, சந்தனத்து மேல குங்குமம் வெச்சா. எண்ணெய் டேங்கு காலியா இருந்துதுன்னு விளக்குக்கு வெச்சிருந்த நல்லெண்ணெயை அதுல ஊத்திட்டா. உத்தமன் வந்து பாத்து அப்படியே குஷியாயிட்டான். “என் மிஷின் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குக்கா”ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ராத்திரி நல்ல மழை. விஜயதசமியன்னிக்குக் காலையில இந்திரா நகர் பக்கத்து அபார்ட்மென்ட்டுலேருந்து செக்ரட்டரி வெங்கடகிருஷ்ணன் போன் பண்ணாரு. தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு கார் போற வழியில குறுக்கே விழுந்து கிடக்குது, உடனே வாங்கன்னாரு. பூஜை முடிஞ்சு முதல் வேலை, நல்ல சகுனம்னு உத்தமன் மிஷினைத் தூக்கிக்கிட்டு ஓடினான். எப்பவும் மரத்துல வைக்கிறதுக்கு முன்னாடி பல்லைப் பாத்து, செயினை இழுத்துப் பாத்துத்தான் வைப்பான். அன்னிக்கு மட்டும் பாக்கல. பூஜையில வெச்ச பொட்டை நாமளா அழிக்கக் கூடாதுன்னு, பல்லுமேல கையே வைக்கல. ப்ளக்குக்குப் பயந்தவன் சாமிக்கும் பயந்தான்.

அங்க மாடியெல்லாம் ஜனம், ஆளுக்கு ஒரு போன்; நான்கூட பின்னால வீடியோவுலதான் பாத்தேன். இவன் கண்ணாடி, ஹெல்மெட்டு, கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு சாமியைக் கும்பிட்டு மிஷினை மரத்துல வெச்சான். மரம் அறுபடல. புகை வந்தது. இன்னும் அழுத்தினான், இன்னும் புகை. நல்லெண்ணெய் சூடேறி, தூணுக்குத் தூண் விளக்கு ஏத்தின கோயில் மாதிரி வாசனை வேற. ஒரு பாட்டியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கி செக்யூரிட்டி கையில கொடுத்துட்டு, பொட்டை அழிச்சுப் பாத்தா, அத்தனை பல்லும் பின்னாடி பாத்துக்கிட்டு நிக்குது. செயின் தலைகீழா மாட்டியிருக்கு.

“என்ன மிஸ்டர் உத்தமன், வெட்டப் போறீங்களா, சாம்பிராணி போடப் போறீங்களா?”ன்னு வெங்கடகிருஷ்ணன் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என் தம்பிக்கு மானம் போயிட்டுது. மானம் போறவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

“நான் மாட்டல சார்! என் பொண்டாட்டி மாட்டினா! ப்ளக் பிடிக்கிறதைத் தவிர அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது!”

அப்புறம் அங்கயே கழட்டி நேரா மாட்டினான். ஆத்திரத்துல வெச்சு அழுத்தினதுல மரத்துக்குள்ள யாரோ துணி காயப்போட அடிச்ச பழைய ஆணி, நறுக்குன்னு பட்டுது. மழமழன்னு சீவலா வரவேண்டிய மரம் மாவு மாவா கொட்டுது. பல்லு மொத்தமும் மொக்கை. வெங்கடகிருஷ்ணன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாரு. “ஞாயித்துக்கிழமை காலையில இது இங்க இருக்கக் கூடாது. இருந்தா விக்கியைக் கூப்பிட்டுப்பேன். அப்புறம் எல்லா வேலையும் அவருக்குத்தான்.” விக்கின்னா பெட்ரோல் மிஷின்காரன். இந்த அபார்ட்மென்ட் போச்சுன்னா உத்தமனுக்குப் பாதி வருஷத்து வேலை போச்சு.

அவன் பஸ் பிடிச்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள வீடியோ ஆனேக்கல் வரைக்கும் போயிட்டு வந்துட்டுது. வேதாவோட தங்கச்சி பிரபா அங்கதான் இருக்கா. அவ போன் பண்ணி, சிரிப்பை அடக்க முடியாம அடக்கி, “அக்கா, மாமா உன்னைப் பத்திப் பேசியிருக்காரு, பாத்தியா?”ன்னா. வேதா பாத்தா. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை போட்டுப் போட்டுப் பாத்தா. சத்தம் எனக்கே கேட்டுது.

மறுநாள் இவன் ஒண்ணுமே நடக்காத மாதிரி மணையைப் போட்டு உக்காந்து, “வேதா”ன்னான். வந்தா. ப்ளக்கை எடுத்து அவன் மடியில வெச்சா.

“ப்ளக் பிடிக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாதவ, இனிமே ப்ளக்கும் பிடிக்க மாட்டா. நீங்களே பிடிச்சுக்குங்க.”

அவ்வளவுதான். உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. சோத்தைப் போட்டா, தண்ணி வெச்சா, ஆனா தட்டு தரையில விழற சத்தத்துக்கு லட்சுமம்மா வீட்டுப் பூனை வெளியே ஓடுது.

ஜாய்சன்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கலாம்னா, கடை பூஜை லீவு, திங்கக்கிழமைதான் திறப்பாங்க. உத்தமன் என்கிட்ட வந்தான். “அக்கா, நீ கொஞ்சம் பிடியேன்.” பெத்த தம்பியாச்சேன்னு, அதாவது எங்கம்மா பெத்த தம்பியாச்சேன்னு, உக்காந்தேன்.

“அக்கா?”

“இருக்குடா.”

“நீ பாத்துட்டுச் சொல்றியா, பழக்கத்துல சொல்றியா?”

“கையில பிடிச்சுக்கிட்டு எதுக்குடா பாக்கணும்?”

“வேதா பாத்துட்டுத்தான் சொல்லுவா.”

“அப்ப அவளையே கூப்பிட்டுக்கோ, உன் மூஞ்சியும் உன் மிஷினும்!” ப்ளக்கை விட்டெறிஞ்சுட்டு வந்துட்டேன். எனக்கென்ன தலையெழுத்தா? லட்சுமம்மா, “நான் புடிக்கறேன் உத்தமா”ன்னு பெரிய மனசோட வந்தாங்க. இவன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, “பேடம்மா, வேணாம், நீங்க உள்ள போங்க”ன்னான்.

சனிக்கிழமை ஆயிட்டுது. நான் அவனை மடக்கிப் பிடிச்சேன். “போய் மன்னிப்புக் கேளுடா.”

“கேட்டுட்டேன்.”

“எப்ப?”

“மனசுல.”

“மனசுல கேட்டா மனசுலதான்டா ப்ளக் பிடிப்பா! ஊர் சிரிக்க வாயால திட்டினே இல்ல, வாயாலயே கேளு.”

எழுந்து போனான். போனவன் என்ன பண்ணான் தெரியுமா? மிஷினைத் தூக்கிக்கிட்டுப் போய் சமையல்கட்டு வாசப்படியில உக்காந்தான். ஒயரை நீட்டி, ப்ளக்கை அவ பீன்ஸ் நறுக்குற பலகைக்குப் பக்கத்துல பயபக்தியா வெச்சான். அரத்தை முதல் பல்லுமேல வெச்சான். நான் அவங்க வாசல் செவுத்தோட ஒட்டி நின்னு பாத்தேன்.

“வேதா?”

பீன்ஸ் நறுக்குற சத்தம் மட்டும் கேட்டுது. அரம் அசையல.

“வேதா?”

அவன் போன் அடிச்சுது. வெங்கடகிருஷ்ணனாத்தான் இருக்கும். எடுக்கல. அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுது.

“வேதா?”

“இல்ல.”

தூக்கிவாரிப் போட்டுது அவனுக்கு. அரம் ஒரு பக்கம் பறந்தது, இவன் ஒரு பக்கம் துள்ளினான். ரெண்டு காலும் இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டான். அப்புறம் பலகையைப் பாத்தான். வெச்ச இடத்துலயே இருக்குது ப்ளக்.

“இங்கதானேடி இருக்கு! என்ன இல்ல?”

“மரியாதை.”

அப்புறம் கொட்டினா பாருங்க. “உங்க கால் இன்னிக்கு உங்ககிட்ட இருக்குன்னா அது இத்தனை வருஷமா என் கையில இருந்ததாலதான். மூக்கு அரிச்சாக்கூட நான் சொறிஞ்சதில்ல. அந்த வேலைக்குப் பேரு ஒண்ணும் தெரியாத வேலையா? என் தங்கச்சி சிரிக்கிறா. அவ வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆனேக்கல் போவேன்?”

இவன் மெதுவா, “அது சரி வேதா, செயினை ஏன் திருப்பி மாட்டினே?”ன்னான். அடப்பாவி, இப்ப கேக்கற கேள்வியா இது!

“திருப்பி எங்க மாட்டினேன்? எப்ப பாத்தாலும் மேல இருக்கிற பல்லு என்னைப் பாத்துத்தானே இருக்கும்? அதே மாதிரி உங்க மணையில உக்காந்து, பல்லு என்னைப் பாக்குற மாதிரி மாட்டினேன். அதுல என்ன தப்பு?”

அப்புறம் பிளாஸ்டிக் சேர் இழுபடுற சத்தம். இன்னும் நல்லா எட்டிப் பாத்தேன். உத்தமன் மிஷினை மணைமேல வெச்சுட்டு, எதிர்ல வேதா உக்கார்ற சேர்ல போய் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். பல்லெல்லாம் மூக்குப் பக்கம், அதாவது அவனையே பாத்துக்கிட்டு நிக்குது. எழுந்து மணைக்குப் போய்ப் பாத்தான். பல்லு அந்தப் பக்கம் பாக்குது. திரும்பவும் சேருக்கு வந்தான்.

“நீ பாத்ததைப் பாத்த மாதிரியே மாட்டியிருக்கே. உன்னை எதிர்ல உக்கார வெச்சது நான்தானே வேதா. ஒரு நாளாவது பக்கத்துல கூப்பிட்டுக் காட்டியிருக்கேனா? தப்பு என் பேர்ல. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு.”

எனக்கு அழுகை வந்துட்டுது. அவன் யார்கிட்டயும் அந்த வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல, என்கிட்ட உள்பட.

வேதா மூக்கை உறிஞ்சுக்கிட்டு, “இனிமே எதிர்ல உக்கார மாட்டேன். பக்கத்துலதான். அப்புறம், யார் முன்னாடி அப்படிச் சொன்னீங்களோ அவங்க முன்னாடியே வேற மாதிரி சொல்லணும்”னா. அவன் தலையை ஆட்டினான்.

சேர் இடம் மாறிச்சு. எந்தப் பல்லுல ஆரம்பிச்சோம்னு தெரியணுமேன்னு வேதாவே முதல் பல்லுல ஒரு குங்குமப் பொட்டு வெச்சா. இந்தத் தடவை அது உபயோகமான பொட்டு. கிளவுஸைப் போட்டுக்கிட்டு இவன் அரத்தை ஒரே பக்கமா தள்ளினான். திரும்ப இழுக்கும்போது பல்லுல படாம தூக்கிக்கிட்டான். ஒவ்வொரு பல்லுக்கும் அதே சாய்வு, அதே கணக்கு. ஒரு பக்கத்துப் பல்லு முடிஞ்சதும் மிஷினைத் திருப்பி வெச்சு மறுபக்கத்துப் பல்லு. ஆணி பட்ட பல்லுங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி வேலை. ‘வேதா?’ ‘இருக்கு’ அன்னிக்கு எனக்குச் சரியாவே கேக்கல. பக்கத்துல உக்காந்தவங்க எதுக்குக் கத்தணும்?

செயினைக் கழட்டி, உள்ள அடைஞ்சிருந்த மரத்தூளையும் சந்தனத்தையும் பழைய பிரஷ்ஷால சுத்தம் பண்ணது வேதா. மேல் பல்லு மூக்கைப் பாக்குற மாதிரி மாட்டினதும் அவளேதான். இவன் செயினை நடுவுல லேசா தூக்கிப் பாத்தான், ரொம்பத் தொங்கவும் இல்ல, இறுகவும் இல்ல. மிஷின் எண்ணெயை ஊத்தி, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அப்புறம்தான் ப்ளக் போர்டுக்குப் போச்சு. பழைய பேப்பருக்கு மேல தூக்கிப் பிடிச்சு ஓட்டினான். பேப்பர்ல எண்ணெய் ஒரு கோடா தெறிச்சுது, செயினுக்கு எண்ணெய் சரியா ஏறுதுன்னு அர்த்தம். லட்சுமம்மா கை தட்டினாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில மூணு பேரும் போனோம். என்னை யாரும் கூப்பிடல, நானா போனேன். செக்யூரிட்டி ரூம் போர்டு பக்கத்துல வேதா நின்னா. இவன் கிளையை நகர்த்தணும்னாலோ செயினைத் தொடணும்னாலோ அவ ப்ளக்கைப் பிடுங்கிக் கையில வெச்சுக்குவா. மிஷினை மரத்துல வெச்சதும், அப்பப்பா, தேங்காய்த் துருவல் மாதிரி கொட்டுது! கார் வழி திறந்துட்டுது.

வெங்கடகிருஷ்ணன் அசந்துட்டாரு. “இன்னிக்கு என்ன மிஸ்டர் உத்தமன், பிரமாதம்! செயினை யார் மாட்டினது?”

“என் பொண்டாட்டிதான் சார் மாட்டினா”ன்னான், எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

நான் வேதாவைப் பாத்தேன். அவ முகத்துல சந்தோஷத்தைக் காணோம். மாடி மாடியா பாத்துக்கிட்டு இருந்தா. “அண்ணி, இன்னிக்கு ஒருத்தர்கூட போன் எடுக்கல”ன்னா மெதுவா. வாஸ்தவம்தான். ஒழுங்கா அறுபடற மரத்தை எவன் படம் பிடிப்பான்?

அது உத்தமன் காதுல விழுந்துட்டுது. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நேரா வெங்கடகிருஷ்ணன்கிட்ட போனான்.

“சார், போனை எடுங்க.”

“எதுக்கு?”

“அன்னிக்கு எடுத்துப் போட்டீங்கல்ல, அதே வாட்ஸப் க்ரூப்புல போடணும். நான் திருப்பிச் சொல்றேன்.”

அந்த வீடியோவை எடுத்ததே செக்ரட்டரிதான்னு அப்பத்தான் எனக்குத் தெரியும். மனுஷன் காதெல்லாம் சிவந்துபோய் போனை எடுத்தாரு. முதல் தடவை அவர் கட்டைவிரல் மட்டும்தான் விழுந்தது. ரெண்டாந்தடவை சரியா வந்தது. அந்தப் புது வீடியோவை ஆனேக்கலுக்கு முதல்ல அனுப்பினது நான்தான். என் போன்ல இன்னும் இருக்கு, வேணும்னா காட்டறேன்.

அறுத்த கட்டைக்குப் பக்கத்துல, ஆதார் கார்டு போட்டோ மாதிரி விறைப்பா நிக்கிறான் என் தம்பி, ஒரு கையில மிஷினைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. “வணக்கம். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இந்தச் செயினை மாட்டினது என் பொண்டாட்டி வேதநாயகி. எனக்கு ரெண்டு கால் இருக்குறதும் அவங்களாலதான். இந்தப் பல்லு எப்படி இருக்குன்னு நீங்களே...” பல்லைத் தொட்டுக் காட்டக் கையைக் கொண்டுபோறான். கை அந்தரத்துல நிக்குது. முகத்தை ஓரமா திருப்பறான்.

“வேதா?”

அவ படத்துல இல்ல. குரல் மட்டும் வருது.

“இருக்கு. நீங்க பேசுங்க.”